பம்பாய் ‘நாயகன்’ நமக்கு வழிகாட்டியா?

(வலப்பனைப் பகுதித் தோட்டங்களின் இளைஞர்களும் மாதர் குழுக்களும் கலந்துகொண்ட சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிழமையில் கிடைக்கிற ஒரேயொரு ஓய்வு நாளில் விறகு, துணிமணி, கடை கண்ணி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்கிறோம்.

“போதையும் இளைஞரும்” என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குடி கெட்டது என்று ஒரு மணித்தியாலம் பேசலாம். ஆனால் சம்பள நாள் இரவில் காம்பராவுக்குள் என்ன நடக்கிறது என்பது இங்கே முன்வரிசையில் இருக்கிற அக்காமாருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு நாங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால் இன்றைக்கு வாலிபர்களிடம் வேறொரு விஷயத்தைப் பேச விரும்புகிறோம். குடி விற்றுப் பெரிய ஆளானவர்களின் விஷயம் அது.

வகுப்பில் பிள்ளைகளிடம் எதிர்காலத்தில் என்னவாக வர விரும்புகிறீர்கள் என்று கேட்பதுண்டு. டொக்டர், டீச்சர், டிரைவர் என்பார்கள். பின் வாங்கிலிருந்து ஒருவன் “டொன்” என்பான். வகுப்பே சிரிக்கும். அவன் பகிடிக்குத்தான் சொல்கிறான். ஆனாலும் அந்தப் பகிடிக்குள் ஒரு ஆசை இருக்கிறது. யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழ வேண்டும், நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்க வேண்டும் என்ற ஆசை. பரம்பரை பரம்பரையாகப் பிரட்டுக்களத்தில் கைகட்டி நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு அது வருவதில் பிழையில்லை. அந்த ஆசை எந்த வழியில் போகிறது என்பதுதான் கேள்வி.

‘நாயகன்’ படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. 1987இல் வந்த மணிரத்னத்தின் படம். கமல்ஹாசனின் வேலுநாயக்கர் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருந்தார். பெயர் வரதராஜ முதலியார். பம்பாயில் ‘வரதா பாய்’ என்பார்கள். படத்தை விட்டுவிட்டு அந்த நிஜக் கதையைப் பார்ப்போம். அதில் கடலோரத்து நகரம் இருக்கிறது, மதுவிலக்கு இருக்கிறது, தமிழன் என்பதற்காக விழுந்த அடியும் இருக்கிறது.

நம் சொந்தக்காரர்களின் இன்னொரு பயணம்

நம் பாட்டன் பூட்டன் திருச்சி, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, சேலம் என்று ஊர்களை விட்டு, மன்னார் வழியாக நடந்து இந்த மலைக்கு வந்தார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் தள்ளின. அதே பஞ்சமும் கடனும் சாதியும் இன்னொரு கூட்டத்தைப் பம்பாய்க்குத் தள்ளின. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் பலர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தார்கள். வேறு சிலர் துறைமுகத்திலும் புகையிரத நிலையத்திலும் மூட்டை சுமந்தார்கள். இங்கே லயம், அங்கே சதுப்பு நிலத்தில் குடிசை. ஆகவே நாம் பேசப்போவது ஏதோ தூரத்து ஊரின் கதை அல்ல, நம் சொந்தக்காரர்களின் கதை.

பம்பாய் மாகாணத்தில் 1949இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1950 ஏப்ரலில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் மொரார்ஜி தேசாய். காந்தியவாதி, நல்ல நோக்கம் உள்ளவர். தொழிலாளியின் கூலி தவறணைக்குப் போகாமல் வீட்டுக்குப் போகட்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம்.

நடந்தது வேறு. வசதி உள்ளவன் மருத்துவக் காரணம் காட்டிப் ‘பெர்மிட்’ வாங்கினான். வெளிநாட்டுக்காரனுக்கும் பெர்மிட் இருந்தது. ஏழைக்குப் பெர்மிட் இல்லை, தாகம் மட்டும் இருந்தது. அந்தத் தாகத்துக்குச் சரக்கு கொடுக்கத் தாராவியின் சதுப்பு ஓரங்களில் அடுப்புகள் எரிந்தன. வெல்லம், அழுகிய பழம், நவச்சாரம் போட்டு ஊறவைத்துக் காய்ச்சினார்கள். கசிப்புக் கோடா எப்படிப் போடுவது என்று தெரிந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள், விளக்கத் தேவையில்லை. காய்ச்சியதை லொறி டியூப்களில் நிரப்பி நகரத்துக்குள் கடத்தினார்கள். வழியில் பொலிசுக்கு வாராவாரம் கப்பம். ‘ஹப்தா’ என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது.

சட்டம் ஒரு பொருளைத் தடை செய்யும்போது அதன் விலை ஏறுகிறது. விலை ஏறினால் அபாயத்துக்குத் துணிந்தவனுக்குப் பெரும் இலாபம். படிப்பு, சிபாரிசு, முதல் எதுவும் இல்லாதவனிடம் துணிச்சல் ஒன்றுதான் முதலாக இருக்கிறது. விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜ முதலியார் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனார். மாட்டுங்காவும் தாராவியும் அவர் கைக்குள் வந்தன. சாராயத்தில் தொடங்கியது கடத்தல், குடிசை நிலம், ஆளை மிரட்டிப் பணம் பறித்தல் என்று வளர்ந்தது.

நக்கி ஜோன்சனின் நகரம்

இது பம்பாய்க்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரத்தில் அந்தச் சட்டத்தை யாரும் சட்டை செய்யவில்லை. நக்கி ஜோன்சன் என்ற அரசியல் தலைவர் கள்ளச் சாராயத்திலும் சூதாட்டத்திலும் பங்கு வாங்கிக்கொண்டு நகரத்தையே நடத்தினார். அங்கே விருந்தாளிகளின் படுக்கையை விரித்து, சமைத்து, தட்டேந்திய ஹோட்டல் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் கறுப்பின மக்கள். அந்த ஊரை வாழவைத்தது அவர்களுடைய உழைப்பு. ஆனால் அவர்கள் குடியிருக்கத் தனிப் பகுதி, குளிக்கத் தனிக் கடற்கரை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கூ க்ளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கூட்டம் அந்த மதுவிலக்கைப் பலமாக ஆதரித்தது. புதிதாகக் குடியேறியவர்கள், கத்தோலிக்கர்கள், கறுப்பர்கள்தான் குடித்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்பது அவர்களுடைய பிரசாரம்.

நம் நாட்டிலும் 1912 அளவில் மது ஒழிப்பு இயக்கம் பெரிதாக எழுந்தது. தவறணைகளுக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர் டி.எஸ். சேனாநாயக்க. அதே சேனாநாயக்க பிரதமராக இருந்தபோதுதான் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம் ஆட்கள் நாடற்றவர்களானார்கள். மறு வருடம் வாக்கும் போனது. அந்த இயக்கத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குடிக்கு எதிராகப் பேசுகிற எல்லோரும் நம் பக்கத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். குடிக்கிறவனின் நலத்துக்காகப் பேசுகிறவர் ஒருவர், குடிக்கிற இனம் என்று முத்திரை குத்துவதற்காகப் பேசுகிறவர் வேறொருவர். “தோட்டத்து ஆள் என்றால் குடிகாரன்தானே” என்று பஸ்ஸிலும் ஒபீசிலும் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்பவர், அந்தத் தோட்டத்தைச் சுற்றி எத்தனை சாராயக் கடைக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

பெயர்ப் பட்டியலும் லுங்கியும்

பம்பாய்க்குத் திரும்புவோம். 1966 ஜூன் 19ஆம் திகதி பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். அதற்கு முன்பே ‘மார்மிக்’ என்ற தன் பத்திரிகையில் பெரிய கம்பனிகளில் வேலை செய்யும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். மண்ணின் மைந்தனுக்கு வேலை இல்லை, மதராசிக்கு வேலையா என்பதுதான் அதன் செய்தி. லுங்கி கட்டியவனை விரட்டு என்று தெருவில் கோஷம் போட்டார்கள். உடுப்பிச் சாப்பாட்டுக் கடைகள் தாக்கப்பட்டன.

அந்த வருடங்களை நம் வருடங்களோடு சேர்த்துப் பாருங்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பம்பாய்த் தமிழனிடம் மதராசுக்குப் போ என்றார்கள். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு கூட்டத்துக்கும் ஒரே காலத்தில், உழைத்த இடத்திலேயே, “நீ இங்கத்த ஆள் இல்லை” என்ற ஒரே பேச்சுக் கிடைத்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தமிழ் டொன் என்னவாகத் தெரிவார்? காவலனாகத் தெரிவார். அரசாங்கம் தண்ணீர் கொடுக்காத இடத்தில், பொலிஸ் முறைப்பாட்டை எழுதாத இடத்தில், நீதிமன்றத்துக்குப் போகக் காசில்லாத இடத்தில், மக்கள் வரதராஜ முதலியாரிடம் போனார்கள். அவர் பஞ்சாயத்துச் செய்தார், கைச்செலவுக்குக் கொடுத்தார். மாட்டுங்காவில் அவர் நடத்திய பிள்ளையார் விழாவுக்கு நகரமே திரண்டது. போனவர்களைக் குற்றம் சொல்லும் உரிமை நமக்கில்லை. கதவு எல்லாம் அடைத்திருந்தால் திறந்திருக்கிற கதவைத்தான் மனிதன் தட்டுவான்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தச் சாராயத்தைக் குடித்தவர்கள் யார்? பெரும்பாலும் அதே சேரியின் கூலிகள். பொலிஸ் வரும்போது அகப்பட்டவர்கள் யார்? அடுப்பெரித்தவனும் டியூப் சுமந்த பையனும். பணம் மேலே போனது, வழக்குக் கீழே வந்தது. 1980களின் நடுவில் பொலிஸ் நெருக்கியபோது தலைவர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். 1988 ஜனவரியில் அங்கேயே காலமானார். தாராவி மக்களுக்குப் போக இடம் எது? அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அதே குடிசையில், ‘கள்ளச்சாராயக்காரன் ஊர்’ என்ற பெயரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு. பத்துப் பேர் செய்த தொழிலுக்காகப் பத்தாயிரம் பேரைக் குற்றவாளி என்று சொல்ல இனவெறிக்காரனுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஒரு டொன் தன் இனத்துக்கு விட்டுப்போகிற சொத்து அதுதான்.

குற்றத்துக்கு இனம் கிடையாது

தமிழன் என்றால் சாராயம் என்று அன்றைக்குப் பேசியவர்களுக்குப் பம்பாயே பதில் கொடுத்தது. அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு நீண்ட போராட்ட வரலாறு உண்டு. சிவப்புக் கொடிச் சங்கங்கள் பலமாக இருந்த பரேல் பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூன் 5ஆம் திகதி வெட்டிக் கொல்லப்பட்டார். சிவசேனாக்காரர்கள் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். கவனியுங்கள், அவர் தமிழர் இல்லை, மராத்தியர். இனத்தின் பெயரால் தொடங்கிய கை, தன் சொந்த இனத்துத் தொழிலாளியின் தலைவரைத்தான் வெட்டியது.

பிறகு 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப் பிடித்தும் அது தோற்றது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் பிந்திய வருடங்களில் அதே ஆலைப் பகுதிகளின் வேலையற்ற வாலிபர்களைத்தான் கும்பல்கள் ஆள் சேர்த்தன. அருண் காவ்லி என்ற பேர்போன டொன் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். தாவூத் இப்ராஹிம் ஒரு பொலிஸ்காரரின் மகன். ஹாஜி மஸ்தான் இராமநாதபுரம் பனைக்குளத்திலிருந்து போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மராத்தியர், தமிழர், இந்து, முஸ்லிம் எல்லோரும் இருக்கிறார்கள். வேலை இல்லாத இடத்தில், சங்கம் உடைந்த இடத்தில், குறுக்குவழிக்காரன் வந்து கடை விரிக்கிறான். அவன் எந்த மொழி பேசுகிறான் என்பது அந்தந்தக் காலத்தைப் பொறுத்தது.

1960களிலும் 70களிலும் அங்கே மதுவிலக்கைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். கும்பல்கள் கலையவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டன. மலிவுச் சரக்கும் ஓயவில்லை. 2015 ஜூனில் பம்பாய் மால்வணிச் சேரியில் கள்ளச் சாராயம் குடித்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழ்நாட்டில் அரசாங்கமே கடை வைத்துச் சாராயம் விற்கிறது, அப்படியிருந்தும் இது நடந்தது. காரணம், தொழிற்சாலையில் பாவிக்கும் மெதனால் என்ற விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பில் வேறொரு அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் எடுக்கும். வாசத்திலோ ருசியிலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்தபின் கண் மங்கினால், வயிற்று வலியும் வாந்தியும் வந்தால், வெறி முறியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வெட்கத்துக்காகவோ பொலிசுக்குப் பயந்தோ ஒளித்துவைத்தால் ஆள் தப்பமாட்டார்.

நமக்கு என்ன வேலை?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்கும் ஒரு கடலோரத்து நகரம் இருக்கிறது. ராகலையிலிருந்தும் உடப்புசல்லாவையிலிருந்தும் நம் பிள்ளைகள் பஸ் ஏறுகிற கொழும்புதான் அது. கடையில், ஹோட்டலில், கட்டிட வேலையில் சேர்கிறார்கள். பேச்சிலேயே கண்டுபிடித்து “தோட்டக்காட்டான்” என்று கூப்பிடுகிற முதலாளியும் அங்கே உண்டு, அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. சம்பளம் பிந்துகிறது, ஊருக்கு அனுப்பக் காசில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவன் அன்பாகத் தோளில் கை போடுவான். “தம்பி, இந்தப் பார்சலை அந்த இடத்தில் கொடுத்துவிட்டு வா, ஒரு மாதச் சம்பளம் தருகிறேன்” என்பான். அன்றைய டியூப்தான் இன்றைய பார்சல். உள்ளே சாராயத்துக்குப் பதிலாகக் குடு, ஐஸ். நம் சட்டத்தில் 2 கிராம் சுத்த ஹெரோயின் கையில் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்க இடமுண்டு. அந்த 2 கிராம் யார் கையில் அகப்படும் என்பதைப் பம்பாய்க் கதை சொல்லிவிட்டது.

அதனால் சங்கத்தின் சார்பில் சில வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கொழும்புக்கும் வேறு ஊர்களுக்கும் போன பிள்ளைகளின் விபரத்தை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். எங்கே வேலை, நியமனக் கடிதம் உண்டா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12. இதற்கு மேல் முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். அந்தக் கடிதத்தை எழுத ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பார்சல்காரனிடம் போகமாட்டான்.

இரண்டாவது, கசிப்பு விஷயத்தில் மாதர் குழுக்கள் தனியாக நிற்கக் கூடாது. காய்ச்சுகிற ஆளைப் பெண்கள் தட்டிக் கேட்கும்போது ஆண் தலைவர்மார் ஒதுங்கி நிற்கிற வழக்கம் இருக்கிறது. சொந்தக்காரன், சந்தா கட்டுகிறவன் என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். கோயில் திருவிழாவுக்குப் பெரிய தொகை கொடுக்கிறவரின் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் வேண்டும். வரதா பாயின் பிள்ளையார் விழாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தண்ணீர், காணி, வீடு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக்கு வண்டி. இவற்றில் சங்கம் பிந்தினால் அந்த இடத்தில் வேறொருவன் வந்து உட்காருவான். தாராவியில் ஆள் வந்தது சும்மா இருந்த கதிரையில்தான். இது சங்கத்துக்குள் இருக்கிற நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது.

வாலிபத் தோழர்களே, பெரிய ஆளாக வரவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். டொன் ஏறுகிற ஏணியில் ஒருவனுக்குத்தான் இடம், அதைக் கீழே தாங்கிப் பிடிக்க நூறு பேர் வேண்டும். அந்த நூறு பேர் எப்போதும் நம் ஆட்கள்தான். 1948இல் பறித்த உரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அதை எந்தத் தனி வீரனும் வாங்கித் தரவில்லை. பிரட்டுக்களத்திலும் வீதியிலும் சேர்ந்து நின்றவர்கள், வேலைநிறுத்தத்தில் சம்பளத்தை இழந்தவர்கள், சந்தாக் காசை எண்ணிக் கொடுத்த அம்மாமார், இவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கியது அது.

போகும்போது தோட்டக் கமிட்டிக்கு ஒரு கொப்பி வீதம் வெளியில் மேசையில் வைத்திருக்கிறோம். வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். பம்பாயில் பெயர்ப் பட்டியல் போட்டது ஆட்களை விரட்டுவதற்கு. நாம் போடுவது நம் பிள்ளைகளில் ஒருவரையும் தவறவிடாமல் இருப்பதற்கு.